பெயர் இழந்தார்க்குப் பெயர் அளித்தல்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மணமேல்குடியைக் கடந்து தெற்கே சென்றால் கோட்டைப்பட்டினம் என்னும் ஊர் வரும். புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரை ஊர்களில் அதுவும் ஒன்று. பாக்கு நீரிணையின் ஆழம் குறைந்த கடல், கரையை ஒட்டி நிற்கும் விசைப்படகுகள், பல சமயத்தாரும் வந்து வணங்கிச் செல்லும் இராவுத்தர் தர்கா ஆகியவை அவ்வூரின் அடையாளங்கள். ஆசிரியப் பயிற்சி முடித்த நான் அவ்வூரில்தான் பணி தொடங்கினேன். பிறகு பல ஊர்களில் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்று, மீண்டும் அங்கேயே வந்து தங்கியுள்ளேன்.

மாலை வேளையில் கடலோரமாக நடந்து வருவது என் வழக்கம். அவ்வழியில், உடைமரங்களின் நிழலில், ஒரு சிறு மண்மேடு உண்டு. அதன் தலைமாட்டில் ஒரு கல் நட்டிருக்கிறது. அக்கல்லில் எழுத்து எதுவும் இல்லை. எழுதுவதற்குப் பெயர் இல்லாமையே அதற்குக் காரணம். அந்த எழுத்தில்லாத கல்லை முன்னிட்டே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

1986ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். அடைமழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு காலை நேரம். கடலுக்குச் சென்றோர் கரையில் ஓர் ஆண்மகனின் உடல் ஒதுங்கியிருப்பதைக் கண்டு ஊருக்குச் செய்தி சொன்னார்கள். காவல் துறையினர் வந்தனர். இத்தகைய சாவு நேர்ந்தால், அக்கம்பக்கத்தைச் சேர்ந்த மதிப்புக்குரிய இருவர் அல்லது மேற்பட்டோர் முன்னிலையில் உடலைப் பார்வையிட்டு அறிக்கை எழுத வேண்டும் என்பது சட்டம். அந்நாளில் அது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்தது. 2024 ஜூலை முதல், அதன் இடத்தில் வந்த புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவாக உள்ளது. அப்படிப் பார்வையிடும் பஞ்சாயத்தாரில் ஒருவனாக, எழுதப் படிக்கத் தெரிந்த இளைய ஆசிரியன் என்ற முறையில், என்னையும் அழைத்தார்கள்.

நான் போனேன். பார்த்தேன் என்று சொல்ல நாணுகிறேன். பார்க்காமல் பார்த்தேன் என்பதே உண்மை. கடல்நீரில் பல நாள் கிடந்த உடல். மேகம் மறுபடியும் கறுத்துக்கொண்டு வந்தது. மழையில் படம் எடுக்கவும் இயலவில்லை. முன்கையில் பச்சை குத்திய எழுத்துகள் இருந்ததை என் கண் கண்டது. அதை நின்று படிக்க என் மனம் துணியவில்லை. “அடையாளம் தெரியாத ஆண்; வயது சுமார் நாற்பது” என்று எழுதியிருந்த தாளில் கையொப்பமிட்டுவிட்டு விரைந்து வீடு திரும்பினேன்.

உடலைப் பரிசோதித்த பின், அடக்கம் செய்வது எப்படி என்ற கேள்வி எழுந்தது. இறந்தவர் எச்சமயத்தவர் என்பது எவருக்கும் தெரியாது. படகுத் தொழிலில் முதிர்ந்த இஸ்லாமியப் பெரியவர் ஒருவர் அப்போது சொன்ன சொல் இன்றும் என் செவியில் ஒலிக்கிறது. “வாத்தியார் தம்பி, கடல் கொண்டுவந்து விட்டவன் நமக்கு விருந்தாளி. அவன் எந்தப் பக்கம் நின்று தொழுதான் என்பது நமக்குத் தெரியாது. மண்ணுக்குத் தெரிய வேண்டியதும் இல்லை. நல்லபடியாக அடக்கம் செய்வோம்” என்றார் அவர். ஊரார் எல்லாரும் கூடி அப்படியே செய்தனர். ஊர் தன் கடமையைச் செய்தது. நான் என் கடமையைச் செய்தேனா என்னும் வினாவுக்கு இப்பேச்சின் பிற்பகுதியில் வருகிறேன்.

பெயர் தெரியாத உடலைப் பெயருடைய மனிதனாக அறிவது எப்படி? நம் பகுதிக்கு அயலில், வைகைக் கரையில் உள்ள மானாமதுரையில் நடந்த ஒரு நிகழ்ச்சி இதற்கு நல்ல பாடமாகும். 1952ஆம் ஆண்டு ஆகஸ்டு மாத இறுதி. சென்னையிலிருந்து தனுஷ்கோடிக்குச் செல்லும் ‘போட் மெயில்’ என்னும் இரயிலின் பெட்டி ஒன்றில், கேட்பாரற்றுக் கிடந்த ஒரு டிரங்குப் பெட்டியிலிருந்து துர்நாற்றம் வீசியது. மானாமதுரை நிலையத்தில் அதைத் திறந்து பார்த்தபோது, தலையில்லாத ஓர் ஆணின் உடல் உள்ளே இருந்தது. முகமில்லாத உடலுக்கு முகவரி தேடுவது எங்ஙனம்?

முதலில் பரிசோதித்தவர்கள், காலுறையின் பச்சை நிறம் முதலிய சில குறிகளைக் கொண்டு, இறந்தவர் இஸ்லாமியர் என்றும், இருபத்தைந்து வயதினர் என்றும் கருதினர். பின்னர் உடல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. சட்ட மருத்துவப் பேராசிரியர் சி. பி. கோபாலகிருஷ்ணன் அதை ஆராய்ந்தார். இறந்தவர் நாற்பதைக் கடந்தவர் என்பது அவர் முடிவு. இதனிடையே இராயபுரம் கடற்கரையில் ஒரு தலை கிடைத்தது. அத்தலைக்கு உரிய காதில் இருந்த துளைகளையும், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்த பல்லையும் கண்டு, காணாமற்போன ஆளவந்தார் என்பவரின் மனைவி, அவர் தம் கணவரே என்று அடையாளம் கூறினார். ஆளவந்தார் முன்பு படையில் பணியாற்றியவர். படைத்துறைப் பதிவில் இருந்த அவருடைய கைரேகையும் உடலின் கைரேகையும் ஒத்திருந்தன. ஐயம் அறவே நீங்கியது. 1953ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றத்தில் நடந்த அவ்வழக்கைத் தமிழகம் முழுவதும் கூர்ந்து கவனித்தது.

அவ்வழக்கின் பரபரப்பை விட்டுவிடுங்கள். அதில் உள்ள முறையை மட்டும் எண்ணிப் பாருங்கள். காலுறையின் நிறம் ஏமாற்றியது. எலும்பும் பல்லும் ஏமாற்றவில்லை. உடுப்பைக் கொண்டு மனிதனை முடிவு கட்டுவது எவ்வளவு பெரிய பிழை என்பது ஒரு பாடம். அதனினும் பெரிய பாடம் ஒன்று உண்டு. காதின் துளையை அறிந்த ஒரு மனைவி இல்லாதிருந்தால், அல்லது கைரேகையைப் பாதுகாத்த ஒரு பதிவேடு இல்லாதிருந்தால், பேராசிரியரின் புலமை எவ்வளவு பெரிதாயினும் அவ்வுடலுக்குப் பெயர் கிடைத்திருக்குமா? கிடைத்திராது. அடையாளம் காண்பது என்பது இரண்டு ஏடுகளை ஒப்பிட்டுப் படிப்பதாகும். ஓர் ஏடு இறந்தவரின் உடல். மற்றோர் ஏடு உயிரோடிருப்பவர்களின் நினைவிலோ பதிவிலோ உள்ளது. ஓர் ஏட்டை மட்டும் வைத்துக்கொண்டு பெயரைப் படிக்க முடியாது.

முதல் ஏட்டில் என்னென்ன எழுதியிருக்கிறது என்பதைச் சற்றுப் பார்ப்போம். இடுப்பெலும்பின் அமைப்பு, அவர் ஆணா பெண்ணா என்பதைக் கூறும். மகப்பேற்றுக்கு ஏற்றவாறு பெண்ணின் இடுப்பெலும்பு அகன்றிருக்கும். தொடையெலும்பு மனிதனின் உயரத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளமுடையது. ஆதலால் அதை அளந்து உயரத்தைக் கணிக்கலாம். வளரும் பருவத்தில் நீண்ட எலும்புகளின் நுனிகள் தனித்தனியாக இருந்து, ஒவ்வொன்றும் அதற்குரிய வயதில் தண்டோடு ஒன்றிவிடும். மார்பை நோக்கிய காறையெலும்பின் நுனி எல்லாவற்றுக்கும் கடைசியாக, இருபது வயதைக் கடந்து பல ஆண்டுகள் சென்ற பின்னரே ஒன்றும். ஆகவே இளைஞரையும் முதிர்ந்தவரையும் எலும்பே பிரித்துக் காட்டும். முறிந்து கூடிய எலும்பு பழைய காயத்தைச் சொல்லும். பல்லின் மேற்பூச்சோ, குழந்தைப் பருவத்தில் அவர் குடித்த நீரின் தன்மையைக்கூடத் தன்னுள் பதித்து வைத்திருக்கும்.

இவ்வளவும் கூறினாலும் எலும்பு பெயரைக் கூறாது. பெயருக்கு இரண்டாம் ஏடு வேண்டும். 1935ஆம் ஆண்டு ஸ்காத்லாந்தில் மோபட் என்னும் ஊருக்கு அருகே ஓர் ஓடைப் பள்ளத்தில் இரு பெண்களின் சிதைந்த உடல்கள் கிடைத்தன. கிளாஸ்கோவைச் சேர்ந்த கிளெய்ஸ்டரும், எடின்பரோவைச் சேர்ந்த பிராஷும், மண்டையோட்டின் படத்தை உயிரோடிருந்தபோது எடுத்த முகப்படத்தின் மீது ஒன்றாகப் பொருத்திப் பார்த்தனர். அம்முறை பின்னர் உலகெங்கும் பரவியது. தமிழ்நாட்டின் தடய அறிவியல் துறைக்கு இயக்குநராக விளங்கிய பி. சந்திரசேகரன், மண்டையோட்டுத் துண்டுகள் ஒன்றோடொன்று கோத்திருக்கும் நெளிவான தையற்கோடுகளை ஆராய்ந்து, அவை ஆளுக்கு ஆள் வேறுபடுவதால் அடையாளம் காண உதவும் என்று 1985இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆனால் இங்கும் நிபந்தனை அதுவே: வாழ்ந்த காலத்தில் எடுத்த எக்ஸ்ரே படம் ஒன்று எங்கேனும் பத்திரமாக இருந்தால்தான் ஒப்பிட முடியும்.

இந்நாளில் இவற்றையெல்லாம் விஞ்சி நிற்பது டி.என்.ஏ. ஆய்வு. நம் உடலின் உயிரணுக்களில் உள்ள மரபுப் பொருளே டி.என்.ஏ. ஒருவரை மற்றவரிடமிருந்து அதன் மூலம் பிரித்தறியும் வழியை 1984இல் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரிஸ் கண்டுபிடித்தார். 1980களின் இறுதியிலேயே ஐதராபாத்து உயிரணு மூலக்கூறு உயிரியல் மையத்தில் லால்ஜி சிங் இம்முறையை நம் நாட்டிலும் கொண்டுவந்தார். டி.என்.ஏ.யில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகிறது. இதுவன்றித் தாய் மட்டுமே பிள்ளைகளுக்குத் தரும் ஒரு பகுதியும் உண்டு. அது ஒவ்வோர் உயிரணுவிலும் பல நூறு படிகளாக இருப்பதால், நாட்பட்ட எலும்பிலும் எஞ்சி நிற்கும். ஆகவே இறந்தவரின் தாயோ, உடன்பிறந்தாரோ, பிள்ளையோ ஒரு துளி இரத்தம் தந்தால் போதும். அதுவே இரண்டாம் ஏடு ஆகிவிடும்.

கோட்டைப்பட்டினத்தைப் போலவே ஒரு கடற்கரையில் பெயரின்றி ஒருவர் கிடந்த கதை ஆஸ்திரேலியாவிலும் உண்டு. 1948 டிசம்பர் 1ஆம் நாள், அடிலெய்டு நகரை அடுத்த சாமர்டன் கடற்கரையில் ஓர் ஆண் இறந்து கிடந்தார். அவர் உடுப்புகளில் பெயர்ச்சீட்டுகள் நீக்கப்பட்டிருந்தன. அவர் யாரென்று எவராலும் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. மறு ஆண்டு அவரைப் புதைத்தபோது, ‘அறியப்படாத மனிதர்’ என்றே கல்லில் பொறித்தார்கள். ஆயினும் அந்நாட்டுக் காவலர் ஒரு நற்செயல் செய்திருந்தனர். புதைக்கும் முன் அவர் தலைக்கும் மார்புக்கும் சாந்தில் ஓர் அச்சு எடுத்து வைத்திருந்தனர். அவ்வச்சில் அவர் தலைமயிர் சில ஒட்டிக்கொண்டிருந்தன. எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அந்த மயிரிலிருந்து டி.என்.ஏ.யைப் பிரித்தெடுத்து, தூரத்து உறவினர்களின் மரபுப் பதிவுகளோடு ஒப்பிட்டனர். அவர் மெல்போர்னில் 1905இல் பிறந்த கார்ல் வெப் என்னும் மின்பொறியாளர் என்று அடிலெய்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டெரெக் அபாட்டும், அமெரிக்க ஆய்வாளர் காலின் பிட்ஸ்பேட்ரிக்கும் 2022இல் அறிவித்தனர். அன்று ஒருவர் அக்கறையோடு எடுத்து வைத்த அச்சு, எத்தனை காலம் கழித்துப் பயன் தந்தது பாருங்கள்!

இரண்டாம் ஏடு கிடைக்காவிட்டால் என்ன ஆகும்? அதற்கும் நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சியின்போது, இலாகூரை அடுத்த மியான்மீர்ப் பாசறையில் இருந்த 26ஆம் வங்காளக் காலாட்படையினர் ஜூலை 30 அன்று எழுந்து வெளியேறினர். பிடிபட்டவர்களை அமிர்தசரசின் துணை ஆணையர் பிரடெரிக் கூப்பர் அஜ்னாலா என்னும் ஊரில் கொன்று, ஒரு கிணற்றில் தள்ளி மூடச் செய்தார். 237 பேர் சுடப்பட்டும், 45 பேர் அடைபட்ட அறையில் மூச்சுத் திணறியும் இறந்தனர் என்பது அவரே எழுதி 1858இல் வெளிவந்த நூலின் செய்தி. அக்கிணறு இருந்த இடத்தில் பின்னாளில் ஒரு குருத்துவாரா எழுந்தது. 2014இல் ஊர்மக்களே அவ்விடத்தைத் தோண்டினர். எண்ணற்ற எலும்புகளும் பற்களும் நாணயங்களும் வெளிவந்தன. வல்லுநர் துணையின்றித் தோண்டியதால் எலும்புகள் பலவும் உடைந்து கலந்துபோயின. அவை நாட்டுப் பிரிவினைக் காலத்துக் கலவரத்தில் இறந்தோருடையவை என்று வாதிட்டோரும் உண்டு.

பஞ்சாப் பல்கலைக்கழகத்தின் செராவத், ஐதராபாத்து மையத்தின் தங்கராஜ், பனாரசு இந்துப் பல்கலைக்கழகத்தின் சௌபே முதலிய அறிஞர்கள் அவ்வெலும்புகளை ஆராய்ந்தனர். 50 மாதிரிகளின் டி.என்.ஏ.யையும், 85 மாதிரிகளில் பதிந்திருந்த நீரின் தன்மையையும் அளந்தனர். இறந்தவர்கள் பஞ்சாபியர் அல்லர். கங்கைச் சமவெளிப் பகுதியினர் என்று 2022இல் முடிவு வெளியிட்டனர். பழைய வரலாற்று ஏடு சொன்னதும் அதுவே. அறிவியல் அவர்களின் நிலத்தைக் கண்டது, நீரைக் கண்டது, மரபைக் கண்டது. ஆனால் ஒருவரின் பெயரைக்கூட அது கூறவில்லை. நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேல் கடந்துவிட்ட நிலையில், “என் பாட்டனார் அப்படையில் இருந்து திரும்பவில்லை, இதோ என் இரத்தம்” என்று முன்வரக் கூடிய குடும்பங்களை எங்கே தேடுவது?

இப்போது என் கதைக்குத் திரும்புகிறேன். 1988ஆம் ஆண்டின் கோடையில், நண்பகல் வேளையில், ஓர் அம்மையார் பள்ளி வாயிலில் வந்து நின்றார். இடுப்பில் ஒரு குழந்தை. கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சிறுவன். தெற்கே ஒரு கடற்கரை ஊரிலிருந்து வருவதாகச் சொன்னார். கணவர் கடலுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை. இவ்வூரில் ஓர் உடல் ஒதுங்கியதாக யாரோ சொல்லக் கேட்டு, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு வந்திருக்கிறார். பஞ்சாயத்தில் கையொப்பமிட்டவன் நான் என்று அறிந்து என்னிடம் வந்தார்.

“அவருக்கு இடக்கையில் தம் தாயாரின் பெயரைப் பச்சை குத்தியிருக்கும், ஐயா. வலக்கைச் சுண்டுவிரல் சற்று வளைந்திருக்கும். தாங்கள் பார்த்தீர்களா?” என்று கேட்டார்.

பச்சை குத்தியிருந்தது எனக்கு நினைவு இருந்தது. இடக்கையிலா, வலக்கையிலா? நினைவில்லை. என்ன எழுத்து? நான் படிக்கவில்லை. சுண்டுவிரல்? நான் பார்க்கவே இல்லை. நான் கையொப்பமிட்ட தாளிலும் இவற்றில் ஒன்றும் இல்லை. அதை எழுதியவரை நான் குறை கூறமாட்டேன். “இதையும் எழுதுங்கள்” என்று சொல்வதற்காகவே என்னை அங்கே நிறுத்தியிருந்தார்கள். நான் வாய் திறவாமல் நின்றேன்.

அம்மையார் அழவில்லை. “ஐயா, நான் இந்தத் தாலியைக் கழற்றுவதா, கட்டிக்கொண்டிருப்பதா? அதை மட்டும் சொல்லிவிடுங்கள்” என்றார்.

ஆம் என்று சொல்ல எனக்குச் சான்று இல்லை. இல்லை என்று சொல்லவும் சான்று இல்லை. “தெரியவில்லை, அம்மா” என்ற சொல்லைத் தவிர அந்த எழுத்தறிந்த வாத்தியாரிடம் வேறு சொல் இல்லை. பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, அவர் அந்த மேட்டருகே சென்று சிறிது நேரம் நின்றார். மலர் இடவும் இல்லை; வணங்கவும் இல்லை. தம் கணவரல்லாத ஒருவரை எப்படி வணங்குவது? தம் கணவராயின் எப்படி வணங்காமல் திரும்புவது? அவ்விரண்டுக்கும் நடுவில் அவரை நிறுத்தியது என் சோம்பல் அன்றோ!

மாணவர்களே, இத்துன்பம் மனத்தளவில் நின்றுவிடுவதன்று. ஒருவர் இறந்தார் என்று மெய்ப்பிக்க இயலாவிடில், அவரைப் பற்றி ஏழாண்டுக் காலம் செய்தி ஏதும் இல்லாதிருந்தால்தான் அவர் இறந்ததாகக் கொள்ள நம் சாட்சியச் சட்டம் இடம் தருகிறது. அதுவரை சொத்துக்கும் உதவித் தொகைக்கும் அக்குடும்பம் பல வாயில்களில் நிற்க வேண்டிவரும். கடலோர ஊர்களில் இவ்வாறு காத்திருந்த பெண்டிர் பலர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில், இலங்கைத் தீவு அரணாக நின்றதால் எங்கள் கரை பெரும்பாலும் தப்பியது. ஆனால் நாகப்பட்டினத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பலரை ஒரே குழியில் அவசரமாகப் புதைக்க நேர்ந்தது. அதே பேரலையில் தாய்லாந்தில் இறந்த அயல்நாட்டார் பலரை, அவரவர் ஊர்ப் பல் மருத்துவரிடம் இருந்த பதிவுகளைக் கொண்டே அடையாளம் கண்டனர். பதிவு இருந்தவர்க்குப் பெயர் திரும்பக் கிடைத்தது.

“இப்போது ஆதார் உண்டே, விரலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடாதா?” என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆதாருக்காகப் பெற்ற கைரேகை, கண்பாவைக் குறிகளை எக்காரணம் கொண்டும் எவருக்கும் பகிர்தல் கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. காணாமற்போனோர்க்கும் அறியப்படாத உடல்களுக்கும் டி.என்.ஏ. பதிவேடு அமைக்க வகைசெய்த ஒரு மசோதா, 2019இல் நாடாளுமன்றத்தில் கொண்டுவரப்பட்டு, 2023இல் திரும்பப் பெறப்பட்டது. தனிமனிதரின் உடற்செய்தியை அரசு எவ்வளவு வைத்திருக்கலாம் என்ற அச்சமும் நியாயமானதே. இறந்தவர்க்குப் பெயர் வேண்டும். வாழ்வோர்க்கு மறைவும் வேண்டும். இவ்விரண்டையும் சமன் செய்யும் சட்டத்தை ஆக்கும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சேரக்கூடும். அதைப் பற்றி உங்கள் கல்லூரி மன்றங்களில் வாதிடுங்கள்.

ஆனால் சட்டம் வரும்வரை காத்திராமல் நீங்கள் செய்யத்தக்கன சில உண்டு. வீட்டில் ஒருவர் காணாமற்போனால், மானம் போகுமென்று மறைக்காமல் உடனே காவல் நிலையத்தில் எழுத்தாகக் கொடுங்கள். உடுப்பின் நிறத்தை மட்டும் எழுதாதீர்கள். தழும்பு, பச்சை, பல்லின் அமைப்பு, பழைய எலும்பு முறிவு, அறுவை மருத்துவம் ஆகியவற்றை எழுதுங்கள். எடுத்த எக்ஸ்ரே படங்களையும் பல் மருத்துவரின் சீட்டுகளையும் பழைய தாளோடு கழித்துவிடாதீர்கள். எங்கேனும் பழைய எலும்புகள் தென்பட்டால் நீங்களே தோண்டாதீர்கள். அஜ்னாலாவை நினைத்துக்கொண்டு, உரியவர்களுக்கு அறிவியுங்கள். என்றேனும் ஒரு நாள் பஞ்சாயத்தாரில் ஒருவராக உங்களை அழைத்தால், முகத்தைத் திருப்பாமல் பாருங்கள். பார்த்ததையெல்லாம் எழுதச் சொல்லுங்கள். அதன் பிறகே கையொப்பமிடுங்கள்.

அந்த மண்மேட்டின் கீழ் உள்ளவர் யாரென்று இன்று அறியலாகாதா என்று நீங்கள் கேட்பீர்கள். அறியலாம். உப்பு மண்ணில் எலும்பு எவ்வளவு எஞ்சியிருக்கும் என்பது ஒரு கேள்விதான் என்றாலும், சட்டப்படி அனுமதி பெற்று ஆராயலாம். முதல் ஏடு இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒப்பிடுவதற்கு, அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு வந்த சிறுவன் வேண்டும். இன்று அவனுக்கு நாற்பது வயதைக் கடந்திருக்கும். அவன் எந்த ஊரான்? அவன் தாயின் பெயர் என்ன? அன்று பள்ளி வாயிலில் நின்று அவர் தம் ஊரையும் பெயரையும் என்னிடம் சொன்னார். என் சட்டைப் பையில் எழுதுகோல் இருந்தது. உள்ளே மேசைமேல் தாள் இருந்தது. என் வெட்கத்தில் நான் அதையும் எழுதி வைக்கவில்லை. முதல் முறை நான் இறந்தவரைப் பார்க்கத் தவறினேன். இரண்டாம் முறை உயிரோடிருந்தவரையும் தவறவிட்டேன்.

இவ்வொலிபரப்பு தெற்கே கடற்கரை ஊர்களுக்கும் எட்டும் என்று நம்புகிறேன். 1986ஆம் ஆண்டு மழைக்காலத்தில் தந்தையைக் கடலில் இழந்து, 1988இல் தாயோடு கோட்டைப்பட்டினத்துக்கு வந்து சென்ற நினைவு உங்களில் எவருக்கேனும் இருந்தால், அல்லது உங்கள் தந்தையார் அப்படிச் சொல்லக் கேட்டிருந்தால், இந்நிலையத்துக்கு எழுதுங்கள். அந்தக் கல் அங்கேயே நிற்கிறது. அதில் எழுத இடமும் இருக்கிறது.